ரயில் கைப்பிடியைப் பிடிக்க முடிகிற கோட்

கடையில் தொங்கும் பெண்களுக்கான கோட்-சூட்டைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தோள் சரியாக இருந்தால் மார்பில் பட்டன் இழுக்கும். மார்புக்காக ஒரு அளவு பெரிதாக எடுத்தால் தோள் இரண்டு பக்கமும் வழிந்து, பள்ளி நாடகத்தில் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி ஆகிவிடும். கை நீளம் கடைக்குக் கடை மாறும். பேன்ட் இடுப்பில் நின்றால் தொடையில் பிடிக்கும், தொடைக்குப் பார்த்தால் இடுப்பில் நிற்காது. பாக்கெட் இருக்கும், ஆனால் வெறும் மூடி மட்டும்தான். உள்ளே பை கிடையாது.

விலையும் சும்மா இல்லை. கம்பளி கலந்த துணியில் கோட்டும் பேன்ட்டும் சேர்த்து எடுத்தால் மால் கடைகளில் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டுகிறது. அந்த விலைக்குள் வரியும் உட்கார்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட தைத்த உடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மீட்டர் கணக்கில் துணியாக வாங்கினால் 5 சதவீதம்தான். அவ்வளவு கொடுத்து வாங்கி, அப்புறம் ஆல்டரேஷன் கடையில் நின்று இடுப்பைப் பிடி, கையைக் குறை என்று கெஞ்சுவதற்கு முதலிலேயே தைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

நான் இருப்பது மும்பை சயானில், அலுவலகம் ஃபோர்ட்டில். தணிக்கை அறிக்கையை வாடிக்கையாளர் முன்னால் நின்று விளக்கும் வேலை என்னிடம் வந்திருந்தது. புடவையிலும் போகலாம், எங்கள் அலுவலகத்தில் கம்பீரமாகப் போகிறவர்களும் உண்டு. காலை எட்டரை மணி லோக்கல் ரயிலில் லேப்டாப் பையோடு ஏறி இறங்குகிற எனக்கு அது சரிப்படவில்லை.

பெண்ணுக்குக் கோட் தைக்க யாரிடம் போவது என்பதுதான் முதல் சிக்கல். துணி, காசு எல்லாம் அதற்கு அப்புறம்.

ஜென்ட்ஸ் டெய்லருக்குக் கோட்டின் உள்கட்டு தெரியும். காலர் கழுத்தை ஒட்டி உட்காருவது, காலரிலிருந்து மார்பில் இறங்குகிற லேப்பல் மடிப்பு மொடமொடவென்று நிற்காமல் உருண்டு விழுவது, கை தோளில் சுருக்கமில்லாமல் ஏறுவது எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் பெண்ணுக்கு அளவெடுக்கவே பலர் கூச்சப்படுவார்கள். டேப்பைத் தளர்வாகப் பிடித்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்புறம் முன்பக்கம் பலகை மாதிரி நிற்காமல் என்ன செய்யும்? ஆண்கள் கோட்டில் இடது பக்கம் மேலே வரும், பெண்கள் கோட்டில் வலது பக்கம் மேலே வரும். எடுத்துச் சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் அதையும் மாற்றி வைத்துவிடுவார்கள். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. காஜா வெட்டியபின் அதற்கு மாற்று கிடையாது.

லேடீஸ் டெய்லர் இதற்கு நேர் எதிர். மார்புக்கு வடிவம் கொடுக்கிற பிடிப்புத் தையலான டாட் எந்த இடத்தில் முடிய வேண்டும், எங்கே கால் அங்குலம் விட வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் கோட்டை நீளமான பிளவுஸாக நினைத்துத் தைத்துவிடுவார்கள். உள்ளே முன்பக்கத்தைத் தாங்குகிற கேன்வாஸ் துணி இருக்காது. காலருக்குச் சட்டைக்கு வைக்கிற பக்ரம் என்ற விறைப்புத் துணியை வைத்திருப்பார்கள். தைத்து வாங்குகிற அன்று பளிச்சென்று இருக்கும், நாலு தடவை போட்டால் முன்பக்கம் துவண்டு தொங்கிவிடும்.

மும்பையில் இருக்கிற வசதி, இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருப்பது. எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவர்கள். வெளிநாட்டுக்குப் போகும் பெண்கள் பிளேஸரில் காலர் ஏற்றுவதையும் கை ஏற்றுவதையும் மட்டுமே வருஷக்கணக்கில் செய்தவர்கள். எங்கள் மாடி வீட்டு அம்மாவுக்கு பிளவுஸ் தைக்கிற அக்கா அப்படிப்பட்டவர் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரிகிற சந்தில், இரும்பு ஏணி மாதிரியான படியேறிப் போனால் மாடியில் அவர் தையல் அறை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கம்பெனி இடம் மாறிய பிறகு வீட்டிலேயே மெஷின் போட்டுக்கொண்டார். பிளவுஸும் சுடிதாரும்தான் தினசரிச் சோறு. கோட் வந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்.

முதலில் போனபோது நான் துணி எடுத்துக்கொண்டு போகவில்லை. யாரிடம் தைப்பதாக இருந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள். கையில் துணியோடு போனால் பேச்சு "எப்போ வேணும்" என்பதில் தொடங்கிவிடும். வெறுங்கையோடு போனால் அவர்கள் வேலையைப் பார்க்கலாம். "தைச்ச கோட் ஏதாவது இருந்தா காட்டுங்கக்கா" என்றேன். ஒரு வக்கீல் பெண்ணின் கருப்புக் கோட் டெலிவரிக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடியில் போட்டு உள்வெளியாகத் திருப்பினார். பக்கத் தையலில் ஓர் அங்குலத்துக்கும் மேல் துணி விட்டிருந்தது. லைனிங் அடிப்பக்கம் இறுக்கித் தைக்காமல் ஒரு மடிப்பு விட்டுத் தளர்வாக இருந்தது. உட்கார்ந்து எழும்போது கிழியாமல் இருக்க அந்த மடிப்பு வேண்டும். கையின் தலைப்பகுதியில், தோளுக்கு அடியில், பஞ்சுப் பட்டை ஒன்று வைத்துத் தைத்திருந்தார். அது இல்லாவிட்டால் கை மேலே குழிந்துவிடும்.

கடைசி பட்டனுக்குப் பக்கத்தில் துணியை இரண்டு விரலால் கிள்ளி மேல் துணியையும் உள் துணியையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் மூன்றாவதாக ஒரு படலம் தனியாக நழுவினால் அது தைத்த கேன்வாஸ். மேல் துணியே தடித்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஃபியூசிங், அதாவது பசை தடவிய உள்துணியைச் சூட்டில் ஒட்டியது.

ஃபியூசிங் என்றாலே மட்டம் என்று சிலர் பேசுவார்கள், அது பாதி உண்மைதான். நம் பட்ஜெட்டில் முழு கேன்வாஸ் கோட் வராது. ஃபியூசிங்கை எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அந்தப் பசைக்கு ஒரே சீரான சூடும் அழுத்தமும் வேண்டும். அது பிரஸ் மெஷினில் கிடைக்கும், கையால் தேய்க்கும்போது ஓர் இடத்தில் பிடிக்கும், ஓர் இடத்தில் பிடிக்காது. அக்கா சொன்னது: "இஸ்திரிப் பெட்டியால ஒட்டுனாலும் ஒட்டும்மா. ரெண்டு மூணு தடவ டிரைவாஷ் போனா கொப்புளம் கொப்புளமா எந்திரிச்சு வந்துரும்." அவர் வெட்டின முன்பக்கங்களைப் பக்கத்து யூனிட்டில் கொடுத்து மெஷினில் ஒட்டி வாங்குகிறார். அதற்குச் சின்னத் தொகைதான். அதோடு மார்புப் பகுதிக்கு மட்டும் குதிரைமுடி கலந்த கேன்வாஸ் துண்டு ஒன்றைக் கையால் தைத்து வைப்பதுண்டு. அதைத் தான் செய்வதில்லை என்று அவரே சொன்னார். ரெண்டு சந்து தள்ளி உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர், வயதான கோட் மாஸ்டர், அவரிடம் கொடுத்து வாங்குவாராம்.

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. எல்லாம் நானே செய்வேன் என்று சொல்கிறவரைவிட, எதை யாரிடம் கொடுக்கிறேன் என்று சொல்கிறவரை நம்பலாம். காஜாவுக்கும் அப்படித்தான், கோட்டுக்குக் கண் வைத்த காஜா போடுகிற மெஷின் எல்லோரிடமும் இருக்காது.

துணிக்கு மங்கள்தாஸ் மார்க்கெட். கிராஃபோர்ட் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம், எனக்கு ஃபோர்ட்டிலிருந்து மதிய இடைவேளையில் போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். கூரை போட்ட சந்துகளில் வரிசை வரிசையாகக் கடைகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ரகம். சூட்டிங் துணி விற்கும் வரிசைகளில் பெண்களை அதிகம் பார்க்க முடியாது. "பென் (சகோதரி), டிரெஸ் மெட்டீரியல் அந்தப் பக்கம்" என்று கை காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். அசையாமல் நின்று "டெர்ரி உல், கட் பீஸ் காட்டுங்க" என்று கேட்டால் நாற்காலி வரும். டெர்ரி உல் என்பது கம்பளியும் பாலியெஸ்டரும் கலந்த துணி.

கட் பீஸ் என்பது முழுத் துணிச் சுருளில் மிஞ்சிய துண்டு. ஆண்களுக்கு ஒரு சூட்டுக்கு மூன்றேகால் மீட்டர் போல வேண்டும். இரண்டே முக்கால், மூன்று மீட்டர் என்று நிற்கிற துண்டுகள் அவர்களுக்கு உதவாது, கடைக்காரருக்கு அது இடத்தை அடைக்கும். 58 அங்குல அகலத் துணியாக இருந்தால் என்னைப் போல் சராசரி உயரமுள்ள பெண்ணுக்குக் கோட்டும் பேன்ட்டும் அதில் வந்துவிடும். மும்பையை அடுத்த தானே நகரில் 1925-ல் தொடங்கிய ரேமண்ட் முதல் பெயர் தெரிந்த மில்களின் துணியே இப்படித் துண்டாகக் குறைந்த விலையில் கிடைப்பதுண்டு. அகலத்தை மட்டும் கட்டாயம் விரித்துப் பாருங்கள். 36 அங்குலத் துணியைப் பார்த்துவிட்டு விலை மலிவு என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

துணியின் ஓரத்தில் என்ன கலவை என்று அச்சிட்டிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். மூலையிலிருந்து இரண்டு நூல் உருவி வெளியே வந்து தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். கம்பளி என்றால் முடி பொசுங்குகிற நாற்றம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். டெர்ரி உல்லில் இரண்டும் வரும். நாற்றமே வராமல் மணி மட்டும் உருண்டால், ஓரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது கம்பளி இல்லை. "சூப்பர் 120" என்று தங்க எழுத்தில் அச்சடித்திருப்பதும் அந்த வகைதான். அந்த எண் கம்பளி இழையின் மெல்லிசைக் குறிப்பது: சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்குள், சூப்பர் 120 என்றால் 17.75-க்குள். பாலியெஸ்டர்-விஸ்கோஸ் துணியில் அந்த எழுத்து வெறும் அலங்காரம். உண்மையான கம்பளியிலும் எண் ஏற ஏற துணி மெல்லிசாகும், சீக்கிரம் தேயும். லோக்கலில் தினமும் இடிபடுகிற கோட்டுக்கு 100-க்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை.

மும்பை வெக்கையில் கம்பளி எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மெல்லிசாக நெய்த கம்பளி பாலியெஸ்டரைவிடப் புழுங்காது என்பது ஒன்று. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் தையலில் இருக்கிறது. கோட்டுக்கு வெட்டும் கையின் தலை வளைவு, அது போய் உட்காருகிற கைக்குழியைவிட ஒன்றரை அங்குலம் போலப் பெரியது. அந்த மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்கித் தைத்தால்தான் தோள் உருண்டையாக வரும். கம்பளிக்கு நீராவி காட்டினால் அது சுருங்கி அந்த மிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். மார்புக்கும் அப்படியே, இஸ்திரியில் கொஞ்சம் வடிவம் கொடுக்கலாம். முழு பாலியெஸ்டர் மசியாது. எவ்வளவு நல்ல கை தைத்தாலும் தோளில் குட்டிக் குட்டிச் சுருக்கமாக நிற்கும். கம்பளி கால்வாசியாவது கலந்திருந்தால் தைக்கிறவருக்கு வேலை ஓடும். அப்படிக் கிடைக்காவிட்டால் விஸ்கோஸ் அதிகமுள்ள துணி பரவாயில்லை.

நிறத்துக்கு அடர்நீலம் எடுத்தேன். கருப்பு எடுத்தால் இந்த ஊரில் பஞ்சும் தூசியும் பொறுக்கியே நேரம் போய்விடும். கட்டம் போட்ட துணி வேண்டாம் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். கட்டத்தைப் பக்கத் தையலிலும் கையிலும் பொருத்த கூடுதலாக அரை மீட்டராவது வேண்டும், பொருத்துகிற நேரத்துக்குக் கூலியும் ஏறும்.

லைனிங் இரண்டேகால் மீட்டர், தோள் பேட், பட்டன் எல்லாம் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே வாங்கிவிடலாம். லைனிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான பாலியெஸ்டர் சாட்டின் முதுகில் பிளாஸ்டிக் பை ஒட்டுவது போலிருக்கும். விஸ்கோஸ் லைனிங்குக்கு மீட்டருக்கு முப்பது, நாற்பது ரூபாய்தான் அதிகம். முதுகில் பாதி வரை மட்டும் லைனிங் வைக்கச் சொன்னால் இன்னும் காற்றோட்டம், ஆனால் உள்தையல் எல்லாம் வெளியே தெரியும் என்பதால் ஓரம் கட்டுகிற வேலை அதிகம். நான் முழுசாகவே வைத்துக்கொண்டேன்.

துணியைக் கொடுக்கும்போது "தண்ணி காட்டணுமா" என்று கேட்டேன். "டெர்ரி உல்லுக்குத் தண்ணி காட்டாத, ஸ்டீம் நான் குடுத்துக்கிடுதேன். பாக்கெட்டுக்கு வாங்குன காட்டன் துணிய மட்டும் நனைச்சுக் காயவச்சுக் கொண்டா" என்றார்.

அளவு கொடுக்கப் போகும்போது, கோட்டுக்குள் போடப்போகிற சட்டை, உள்ளாடை, செருப்பு மூன்றும் அதே மாதிரி இருக்க வேண்டும். உள்ளாடை மாறினால் மார்பு அளவு மட்டுமில்லை, டாட் முடிகிற இடமே அரை அங்குலம் ஏறி இறங்கும். செருப்பின் உயரம் மாறினால் பேன்ட் நீளம் போச்சு. நெட்டில் எடுத்த நடிகை படங்களைவிட, உங்களிடம் ஏற்கெனவே தோளில் சரியாக உட்காருகிற ஒரு சட்டையோ ஜாக்கெட்டோ இருந்தால் அது ஆயிரம் மடங்கு உதவும். படத்தைக் காட்டுவது நீளத்துக்கும் லேப்பல் அகலத்துக்கும் மட்டும் போதும்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அக்கா கொஞ்ச நேரம் என் பின்னால் சும்மா நின்றார். "வலது தோள் எறங்கியிருக்கு. பை அந்தப் பக்கம்தான் மாட்டுவியோ?" வருஷக்கணக்காக லேப்டாப் பை தொங்குகிற தோள் அதுதான். வலது பேடில் மட்டும் ஓர் அடுக்கு கூட வைத்துச் சமப்படுத்தினார். ரெடிமேடில் எனக்கு எப்போதும் வலது பக்கம் கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு விழும், அதன் காரணம் இதுதானென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் கச்சா டிரையல். இதற்குத் தனியாகக் காசு கேட்டால்கூடக் கொடுத்துவிடுங்கள். வெள்ளை நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு, லைனிங் இல்லாமல், ஒரு கை மட்டும் மாட்டிய கோட்டைப் போட்டு நிறுத்துவார்கள். கண்ணாடியில் பார்க்க அழகாகவே இருக்காது. பல பேர் "சரி சரி, நல்லாருக்கு" என்று சொல்லிக் கழற்றிவிடுகிறார்கள். கோட்டுக்கு எல்லாம் நடப்பது இந்த நேரத்தில்தான். பின்னால் திருத்த முடிந்தது எது, முடியாதது எது என்று அக்கா வரிசையாகச் சொன்னார். இடுப்பு, பக்கவாட்டு, கை நீளம், பேன்ட் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் பிரித்துத் தைக்கலாம், உள்ளே துணி விட்டிருந்தால் போதும். தோள் அகலம், கைக்குழி, காலர், கோட்டின் நீளம் இந்த நான்கும் வெட்டி முடித்தால் முடிந்ததுதான். ஆகவே டிரையலில் இடுப்பைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காமல் தோளைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை சில. பட்டனைப் பூட்டினால் அதைச் சுற்றிப் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழுந்தால் மார்பிலோ வயிற்றிலோ இறுக்கம். பின்கழுத்தில் காலருக்கும் சட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் முதுகின் வளைவைக் கணக்கில் எடுக்கவில்லை. கையைச் சும்மா தொங்கவிடும்போது முழங்கைக்கு மேலே குறுக்காக மடிப்பு ஓடினால், கையைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ திருப்பி ஏற்ற வேண்டும். பின்வெட்டு வாய் பிளந்து நின்றால் இடுப்புக்குக் கீழே துணி போதவில்லை. நம் முதுகை நம்மால் பார்க்க முடியாது, யாரிடமாவது போனைக் கொடுத்து பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து விறைப்பாக நிற்காமல், எப்போதும் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கி நின்று பின்னால் பட்டனோடு மல்லுக்கட்டுவதில் யாருக்கு லாபம்?

நான் கூடுதலாகச் செய்தது, கையைத் தூக்கி ரயில் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி நின்றது. கோட் மொத்தமும் கையோடு மேலே ஏறிவிட்டது. அக்கா சிரித்தார். கைக்குழி பெரிதாக இருந்தால்தான் கையைச் சுலபமாகத் தூக்க முடியும் என்று நாம் நினைக்கிறோம், விஷயம் தலைகீழ். குழி ஆழமாக இறங்கினால் கையைத் தூக்கும்போது பக்கத் தையலையே இழுத்துக்கொண்டு போகும். குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும் தனியாக அசையும், உடம்புப் பகுதி இருந்த இடத்தில் இருக்கும். கோட்டில் இன்னும் லைனிங் ஏறவில்லை, துணி விட்டுத்தான் வெட்டியிருந்தார் என்பதால் தோள் தையலை மேலே பிடித்து, குழியை ஒரு விரல் அளவுக்கு உயர்த்தி சாக்பீஸில் கோடு போட்டார். அடுத்த டிரையலில் கையைத் தூக்கினேன், கோட் லேசாகத்தான் அசைந்தது. சட்டென்று உட்கார்ந்து, குனிந்து, லேப்டாப்பில் தட்டுகிற மாதிரியும் பார்த்துக்கொண்டேன். ரெடிமேட் கடைகளில் குழியை எல்லா உடம்புக்கும் பொருந்தட்டும் என்று இறக்கி வைத்திருப்பார்கள், அதனால்தான் அந்தக் கோட்டுகளில் கையைத் தூக்கவே முடிவதில்லை.

பேன்ட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பின்பக்க நடுத் தையலில் ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், நம் இடுப்பு வருஷா வருஷம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முன்பக்கம் முழங்கால் வரை லைனிங் வைத்தால் கம்பளி குத்தாது, முட்டியில் துணி புடைக்காது. பாக்கெட்டின் ஆழத்தை உங்கள் போனை வைத்துக் காட்டுங்கள். கோட்டிலும் இடது மார்புக்கு உள்ளே ஒரு பாக்கெட் கேளுங்கள், ஆண்கள் கோட்டில் கேட்காமலே வைக்கிறார்கள். நமக்கு ரயில் பாஸ் வைக்க அதுதான் வசதி.

செலவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். துணி மீட்டர் 700 வீதம் மூன்று மீட்டர், 2,100. லைனிங் 250 போல. பேட், கேன்வாஸ், பட்டன், ஜிப் எல்லாம் சேர்த்து 450. கோட் கூலி 3,500, பேன்ட் 700. ஃபியூசிங்கும் காஜாவும் தனியாக ஒரு 150. மொத்தம் ஏழாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. இடத்துக்கும் ஆளுக்கும் தகுந்தாற்போல் இது மாறும். ஃபோர்ட்டில், கொலாபாவில் ஏசி போட்ட டெய்லரிங் கடைகளில் கூலி மட்டுமே இதைவிடப் பல மடங்கு. கூலியில் பேரம் பேசவில்லை. துணியில் பேரம் பேசலாம், அங்கே கடைக்காரர் அதற்கு இடம் வைத்துத்தான் விலை சொல்கிறார். கையால் செய்கிற வேலையில் ஐநூறு குறைத்தால் அது மார்புக் கேன்வாஸிலோ இரண்டாவது டிரையலிலோதான் குறையும். பாதி முன்பணம் கொடுத்து, என்னென்ன பேசினோமோ அதை அளவு நோட்டில் அளவுகளுக்குக் கீழேயே எழுதச் சொன்னேன்: வலது மேலே, உள்பாக்கெட் ஒன்று, பக்கத்தில் ஓர் அங்குலம், கையில் பட்டன் அலங்காரத்துக்கு மட்டும். கைப்பட்டனுக்கு நிஜமாகவே காஜா வெட்டிவிட்டால் பிறகு கை நீளத்தைக் குறைப்பது பெரும்பாடு.

நாள் விஷயத்தில் டெய்லர் சொல்கிற தேதியைவிடக் காலண்டரை நம்புங்கள். கணபதியில் தொடங்கி தீபாவளி வரை யாரிடமும் கோட் கொடுக்க வேண்டாம். தீபாவளி முடிந்த கையோடு சத் பூஜைக்கு பீகார், உத்தரப் பிரதேச ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். காஜாக்காரர் இருக்க மாட்டார், பிரஸ் போடுகிறவர் இருக்க மாட்டார். ஹோலிக்கும் ரம்ஜானுக்கும் இதே கதை. தமிழ்க் கல்யாண மாதங்களில் அக்காவுக்கு பிளவுஸ் குவிந்திருக்கும். ஆடியில் கொடுத்தால் ஆற அமரப் பார்த்துத் தைப்பார், மழையைப் பார்க்காமல் போய்விட வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் கோட்டைக் காப்பாற்றுவது தனி வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காத பொருள் கிடையாது. டிரைகிளீனிங் கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் போட்டுவிடுங்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய காட்டன் புடவையில் உறை தைத்துத் தரச் சொன்னேன், அக்கா காசு வாங்கவில்லை. போட்டுவிட்டு வந்தால் உடனே உள்ளே வைக்காமல் ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி தொங்கவிட்டு, பிரஷால் தூசி தட்டி வைத்தால் போதும். அடிக்கடி டிரைகிளீனிங் கொடுத்தால் துணியும் ஃபியூசிங்கும்தான் சீக்கிரம் போகும். தோள் அகலமான மர ஹேங்கர் வேண்டும், சலவைக் கடைக் கம்பி ஹேங்கர் தோளில் முட்டு எழுப்பிவிடும்.

துணி வாங்கும்போதே இன்னொரு பேன்ட்டுக்குச் சேர்த்து எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். கோட்டுக்கு முன்னால் பேன்ட்தான் தேயும். அதே நீலம் என்று பிறகு போய்க் கேட்டால், வேறு சாயத் தொட்டியில் போட்டு எடுத்த துணி கொஞ்சம் சிவப்படித்தோ பச்சையடித்தோதான் கிடைக்கும். கட் பீஸில் அதற்கு வழியில்லை. ஆகவே சாம்பல் நிறத்தில் தனியாக ஒரு பேன்ட் தைத்து அதே கோட்டோடு மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

என் அளவுக்கு வெட்டிய பழுப்புத் தாள் அக்காவிடம் சுருட்டி வைத்திருக்கிறது. அடுத்தது லினனில் ஒன்று கேட்டிருக்கிறேன். தாள் இருப்பதால் கூலியில் ஐநூறு குறைத்துக்கொள்வதாக அவராகவே சொன்னார். லினன் சுருங்கும், இந்தத் தடவை துணி முழுவதையும் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.